கம்பளத்தின் எந்தப் பக்கம்?

கேள்வி இது: "எதிர்க்கட்சியில் இருக்கும்வரை நிருபர்களைத் தேடித் தேடிப் பேசும் தலைவர்கள், பதவிக்கு வந்ததும் அவர்களைக் கண்டாலே ஏன் எரிந்து விழுகிறார்கள்? தலைவர்களுக்கும் பத்திரிகைகளுக்கும் நடுவே ஆரோக்கியமான உறவு என்று ஒன்று உண்டா? இருந்தால் அது எப்படி இருக்கும்?"

முதல் பாதிக்கு அமெரிக்காவின் தாமஸ் ஜெஃபர்சன் ஒருவரே போதும். பத்திரிகை இல்லாத அரசாங்கமா, அரசாங்கம் இல்லாத பத்திரிகையா, எது வேண்டும் என்று கேட்டால் ஒரு நொடிகூடத் தயங்காமல் இரண்டாவதைத்தான் எடுப்பேன் என்று 1787-இல் ஒரு கடிதத்தில் எழுதினார். பத்திரிகை சுதந்திரம் பற்றிய கூட்டம் எங்கே நடந்தாலும் இந்த வரி வந்துவிடும். அதே மனிதர் 1807-இல், அதிபராகி ஆறு வருடம் ஆனபின், இன்னொரு கடிதம் எழுதினார். பத்திரிகையில் வருவது எதையும் இனி நம்ப முடியாது, அந்த அழுக்கு வண்டியில் ஏறினால் உண்மையே சந்தேகத்துக்கு உரியதாகிவிடுகிறது என்றார். இந்த வரியைக் கூட்டங்களில் அவ்வளவாகக் கேட்க முடியாது.

இரண்டு கடிதங்களுக்கும் நடுவே இன்னொன்றும் நடந்தது. 1791-இல் ஜெஃபர்சன் வெளியுறவுச் செயலர். பிலிப் ஃபிரெனோ என்ற கவிஞருக்குத் தன் துறையில் மொழிபெயர்ப்பாளர் வேலை கொடுத்தார், வருடத்துக்கு 250 டாலர் சம்பளம். மொழிபெயர்ப்பு பேருக்குத்தான். ஃபிரெனோவின் நிஜமான வேலை ‘நேஷனல் கெசட்’ என்ற பத்திரிகையை நடத்துவது; அதில் அதே அமைச்சரவையில் இருந்த ஹாமில்டனைப் பிய்த்து எடுப்பது. ஆக, பத்திரிகையைப் புகழ்ந்தது, சம்பளம் கொடுத்து வைத்துக்கொண்டது, கடைசியில் காறித் துப்பியது எல்லாம் ஒரே ஆள். அவருடைய குணம் மாறிவிட்டது என்று நான் நினைக்கவில்லை. உட்கார்ந்த இடம் மாறியது.

எதிர்க்கட்சியில் இருப்பவரின் சரக்கு கேள்விகள்தான். அவை எவ்வளவு தூரம் போகின்றனவோ அவ்வளவு லாபம் அவருக்கு. ஆட்சிக்கு வந்த அன்றைக்கே அவர் பதில் சொல்ல வேண்டிய ஆளாகிவிடுகிறார். பதிலுக்கு நேரம் முக்கியம்: எந்த நாளில் சொல்வது, எந்தக் கோப்பு தயாரான பிறகு சொல்வது, யாரிடம் முதலில் சொல்வது. நிருபரோ அந்த நேரக் கணக்கைக் கெடுப்பதற்கென்றே சம்பளம் வாங்குகிறவர். எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

நல்லவர்களுக்கும் இது நடக்கும். ஜவாஹர்லால் நேரு 1937-இல் ‘சாணக்யா’ என்ற புனைபெயரில் கல்கத்தாவின் ‘மாடர்ன் ரிவ்யூ’வில் தன்னைப் பற்றித் தானே ஒரு கட்டுரை எழுதினார். இந்த ஆளுக்குக் கூட்டத்தின் கைதட்டல் பிடிக்கிறது, கொஞ்சம் விட்டால் சர்வாதிகாரி ஆகிவிடுவார், எச்சரிக்கையாக இருங்கள் என்று ஊரை எச்சரித்த கட்டுரை அது. தன்மேல் தானே கல்லெறிந்துகொண்ட அரசியல்வாதி உலகத்தில் அபூர்வம். ஆனால் 1950-இல் மதராஸ் மாகாணம் ‘கிராஸ் ரோட்ஸ்’ பத்திரிகைக்குப் போட்ட தடையை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தபோது, அடுத்த வருடமே முதல் அரசியல் சட்டத் திருத்தத்தைக் கொண்டுவந்து பேச்சுரிமைக்குப் புதிய வரம்புகள் போட்டதும் அதே நேருவின் அரசுதான்.

சரி, பகை என்பது மேலே தெரிவது. அடியில் தினமும் நடப்பது பண்டமாற்று. தலைவரிடம் செய்தி இருக்கிறது, நிருபரிடம் வாசகர்கள் இருக்கிறார்கள். அவரவருக்கு மற்றவரிடம் இருப்பது வேண்டும். இந்த வியாபாரத்துக்கென்று உலகம் முழுக்க எழுதாத விதிகள் சில உண்டு. ‘பெயர் போட்டுக்கொள்ளலாம்’, ‘தகவலை எழுதலாம், நான் சொன்னதாக வேண்டாம்’, ‘ஆஃப் தி ரெக்கார்ட், உங்கள் காதோடு இருக்கட்டும்’. இதை வெளிப்படையான முறையாக ஆக்கியவர் அமெரிக்க அதிபர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட். 1933 மார்ச்சில் பதவியேற்ற நாலாம் நாளே நிருபர்களைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, எது எந்தக் கணக்கில் வரும் என்று விளக்கினார். கேள்விகளை முன்கூட்டியே எழுதிக் கொடுக்கும் வழக்கத்தையும் அன்றோடு நிறுத்தினார்.

அந்த வழக்கம் வந்த கதையும் சுவையானது. அவருக்கு முன்னால் இருந்த ஹார்டிங் ஒரு பத்திரிகை முதலாளி. நிருபர்களோடு சகஜமாகப் பேசுவார். 1921-இல் ஒரு சர்வதேச ஒப்பந்தத்தில் ஜப்பானின் பிரதான தீவுகள் அடங்குமா என்ற கேள்விக்குத் தப்பாகப் பதில் சொல்லிவிட்டார். பெரிய சங்கடமாகிப்போனது. அதற்கப்புறம் ‘கேள்வியை எழுதிக் கொடுங்கள்’ என்றாகிவிட்டது. எழுதிக் கொடுக்கச் சொல்லும் தலைவர்கள் இன்றைக்கும் பல நாடுகளில் இருக்கிறார்கள். காரணம் எப்போதும் திமிர் இல்லை. உளறிவிடுவோமோ என்ற பயமும்தான்.

‘நம்பத்தகுந்த வட்டாரங்கள் தெரிவித்தன’ என்று வரும் செய்திகளைப் படிக்கும்போது பலர் ஏதோ ரகசியத்தை எட்டிப் பார்ப்பதுபோல உணர்கிறார்கள். செய்தி மேசையில் இருபது வருடம் இருந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன்: அந்த வட்டாரத்தில் பாதி நேரம் இருப்பது சம்பந்தப்பட்ட அமைச்சரேதான். ஒரு யோசனையைப் பெயரில்லாமல் கசியவிட்டுப் பார்ப்பார். எதிர்ப்பு வந்தால் ‘பத்திரிகைகளின் கற்பனை’ என்று அவரே மறுப்பார். எதிர்ப்பு இல்லாவிட்டால் ஒரு வாரத்தில் அறிவிப்பு வரும். பிரிட்டனில் 1884 முதல் இருக்கும் ‘லாபி’ நிருபர் முறை பல காலம் இப்படித்தான் ஓடியது. பிரதமர் அலுவலகம் தினமும் நிருபர்களிடம் பேசும், யார் பேசினார் என்று யாரும் எழுதக்கூடாது. 1986-இல் புதிதாகத் தொடங்கிய ‘இன்டிபென்டன்ட்’ நாளிதழ் இந்த ஏற்பாட்டுக்குள் வர மாட்டேன் என்றது, ‘கார்டியன்’ கூடவே வெளியேறியது. மற்றவர்களில் பெரும்பாலோர் உள்ளேயே இருந்தார்கள். ஆனால் அதன்பின் வந்த வருடங்களில் அந்தத் திரை கொஞ்சம் கொஞ்சமாக விலகத்தான் செய்தது.

என் பார்வையில் பகையைவிட நெருக்கம்தான் ஆபத்து. சண்டை போடும் தலைவரை வாசகர் பார்த்துவிடுவார், நெருக்கம் கண்ணுக்குத் தெரியாது. ஜப்பானில் ஒவ்வொரு அமைச்சகத்துக்கும், கட்சிக்கும், காவல் தலைமையகத்துக்கும் ‘கிஷா கிளப்’ என்ற நிருபர் சங்கம் உண்டு. பெரிய நாளிதழ்கள், தொலைக்காட்சிகளின் ஆட்கள் அந்தக் கட்டடத்திலேயே அறை வைத்து, ஒரே தலைவரின் பின்னால் ராத்திரி பகலாக அலைவார்கள். அவர் வீட்டு வாசலில் நின்று, அவர் திரும்பி வரும்போது நாலு வார்த்தை வாங்குவார்கள். அவ்வளவு பக்கத்தில் இருந்தவர்களுக்குப் பிரதமர் தனாகா காகுவெய்யின் பண விவகாரம் தெரியாதா? ஓரளவு தெரிந்துதான் இருந்தது. ஆனால் அதை எழுதியது ‘புங்கெய் ஷுன்ஜு’ என்ற மாத இதழ். தச்சிபானா தகாஷி என்ற கிளப்புக்கு வெளியே இருந்த எழுத்தாளர் சொத்து ஆவணங்களையும் கம்பெனிப் பதிவுகளையும் தோண்டி எடுத்து, 1974 அக்டோபரில் வெளியிட்டார். அப்போதும் பெரிய நாளிதழ்கள் அதைப் பெரிதாகத் தொடவில்லை. அதே மாதம் தனாகா வெளிநாட்டு நிருபர்களின் சங்கத்தில் மதிய விருந்துக்குப் போனார். அங்கே இருந்தவர்களுக்கு இந்த மரியாதை எல்லாம் தெரியாது, ஒருவர் பின் ஒருவராகப் பணத்தைப் பற்றியே கேட்டார்கள். மறுநாள்தான் உள்ளூர் நாளிதழ்களுக்கு அது ‘செய்தி’ ஆனது. நவம்பர் கடைசியில் தனாகா ராஜினாமாவை அறிவித்தார்.

இதில் யாரும் லஞ்சம் வாங்கியதாகச் சொல்ல வேண்டியதில்லை. தினமும் முகம் பார்க்கிற ஆளை எப்படிக் கடிப்பது, நாளைக்கு அந்த வாசல் மூடிவிட்டால் ஆபீசில் என்ன பதில் சொல்வது, மற்ற பத்திரிகைக்காரன் எழுதாதபோது நான் மட்டும் ஏன்? இந்த மூன்றும் சேர்ந்தால் போதும், வாய் தானாக மூடிக்கொள்ளும்.

பிரான்சில் இதன் இன்னொரு வடிவம் இருந்தது. அதிபர் மித்தரானுக்குத் திருமணத்துக்கு வெளியே ஒரு மகள் இருப்பது பாரிஸ் பத்திரிகையாளர் பலருக்குத் தெரியும். 1994-இல் ‘பாரி மாட்ச்’ படம் போடும்வரை வாசகர்களுக்குத் தெரியாது. அது குடும்ப விஷயம், விட்டுவிட்டது சரிதான் என்று வாதாடலாம். எனக்கும் அதில் பாதி சம்மதம் உண்டு. ஆனால் 1981-இல் பதவிக்கு வந்த சில மாதங்களிலேயே அவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்துவிட்டது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை வெளியான மருத்துவ அறிக்கைகளில் பத்து வருடத்துக்கும் மேலாக அது வரவேயில்லை. அணு ஆயுதப் பொத்தான் யார் கையில் இருக்கிறதோ அவருடைய உடம்பு வீட்டு விஷயம் இல்லை. வீட்டுக் கதவைத் தட்டாத பழக்கம் மருத்துவமனைக் கதவையும் தட்டாத பழக்கமாக நீண்டுவிடும், சிக்கல் அங்கேதான்.

இனி பணம். மிரட்டலைவிடப் பணம் சௌகரியமானது, சத்தம் வராது. ஹனோவர் மன்னரிடமிருந்து பறித்த சொத்தின் வருமானத்தை ஜெர்மனியின் பிஸ்மார்க் தனியாக வைத்துக்கொண்டார். நாட்டுக்கு எதிராக இருக்கும் ‘ஊர்வனவற்றை’ அவற்றின் பொந்துவரை துரத்த அந்தப் பணம் என்றார். அது பத்திரிகைகளுக்குத்தான் போனது. ஜனங்கள் அந்தப் பெயரைத் திருப்பிப்போட்டுவிட்டார்கள்: பணம் வாங்கின பத்திரிகைகளுக்கே ‘ஊர்வன பத்திரிகை’ என்று பெயர் நிலைத்தது.

இருபதாம் நூற்றாண்டில் இதற்கு நாகரிகமான பெயர் வந்தது, அரசு விளம்பரம். மெக்சிகோவில் 1935 முதல் பத்திரிகைக் காகிதமே அரசு நிறுவனம் ஒன்றின் கையில் இருந்தது. தடை, கைது எதுவும் தேவையில்லை, காகிதம் வருகிற லாரி கொஞ்சம் தாமதமானால் ஆசிரியருக்குச் சேதி புரிந்துவிடும். அங்கே அதிபர் லோபஸ் போர்ட்டியோ 1982-இல், தன்னை விமர்சித்த ‘புரொசேசோ’ வார இதழுக்கு அரசு விளம்பரத்தை நிறுத்திவிட்டுச் சொன்ன காரணம் உலகப் புகழ் பெற்றது: என்னை அடிப்பதற்கு நானே காசு கொடுப்பேனா? கேட்க நியாயமாகத் தெரிகிறது அல்லவா? ஓட்டை ஒரே இடத்தில்தான். அந்தக் காசு அவருடையது இல்லை. 2007-இல் அர்ஜென்டினாவின் உச்ச நீதிமன்றம் இதைத்தான் சட்ட பாஷையில் சொன்னது. நியூகென் மாகாண அரசு ஒரு லஞ்சப் புகாரைப் பிரசுரித்த ‘ரியோ நெக்ரோ’ நாளிதழுக்கு விளம்பரத்தை வெட்டியது. எங்களுக்கு விளம்பரம் கொடுத்தே ஆக வேண்டும் என்று எந்தப் பத்திரிகையும் உரிமை கோர முடியாது, ஆனால் கொடுப்பதையும் நிறுத்துவதையும் தண்டனையாக அரசு பயன்படுத்தவும் முடியாது என்று தீர்ப்பு வந்தது.

ஆனால் பணம் எப்படி வேலை செய்கிறது என்று முழுசாகப் புரிந்துகொள்ள வேண்டுமானால் பெரு நாட்டைத்தான் பார்க்க வேண்டும். 1990-களில் அதிபர் ஃபுஜிமோரியின் உளவுத்துறையைக் கையில் வைத்திருந்தவர் விளாடிமிரோ மொன்டெசினோஸ். லஞ்சம் கொடுக்கிறவர்கள் சாதாரணமாகத் தடயத்தை அழிப்பார்கள். இவர் ரசீது வாங்கினார், ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கினார், பணம் கைமாறுவதை வீடியோவும் எடுத்து வைத்தார், பிற்பாடு மிரட்டத் தோதாக இருக்கட்டும் என்று. அதனால் ஒரு சர்வாதிகாரத்தின் விலைப்பட்டியல் உலகத்துக்கு அப்படியே கிடைத்தது. பொருளாதார ஆய்வாளர்கள் அதை உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். அரசியல்வாதிக்குக் கொடுத்தது நீதிபதிக்குக் கொடுத்ததைவிடக் கொஞ்சம் அதிகம். தொலைக்காட்சி முதலாளிக்குக் கொடுத்தது அரசியல்வாதிக்குக் கொடுத்ததைப்போல ஏறக்குறைய நூறு மடங்கு. ஒரு சேனலுக்கு மட்டும் மாதம் 15 லட்சம் டாலர்.

ஏன் இவ்வளவு வித்தியாசம்? நாடாளுமன்றத்தில் பெரும்பான்மை போதும். ஒருவர் விலை ஏற்றினால் அடுத்தவரிடம் போகலாம். தொலைக்காட்சியில் அது நடக்காது. ஆறு சேனலில் ஐந்தை வாங்கினாலும், விற்காத ஆறாவது ஒன்று அத்தனையையும் வீணாக்கிவிடும். ஒவ்வொரு முதலாளிக்கும் இது தெரியும், அதனால் ஒவ்வொருவரும் முழு விலை கேட்டார். அடங்காதவர்களுக்கு வேறு வைத்தியம்: ஒரு சேனலின் முதலாளியான பாருக் இவ்ச்சர் இஸ்ரேலில் பிறந்தவர் என்பதைப் பிடித்துக்கொண்டு 1997-இல் அவருடைய பெரு குடியுரிமையைப் பறித்து, சேனலை மற்ற பங்குதாரர்களிடம் கொடுத்தார்கள்.

எல்லாவற்றையும் வாங்கிய மொன்டெசினோஸ், ‘கனால் என்’ என்ற சின்ன கேபிள் சேனலை வாங்கவில்லை. சந்தா கட்டிப் பார்க்கிறவர்கள் மட்டும் பார்ப்பது, கொஞ்சப் பேர்தானே என்று விட்டிருக்கலாம். எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவருக்கு அவர் 15,000 டாலர் கொடுக்கும் வீடியோவை 2000 செப்டம்பர் 14 அன்று ஒளிபரப்பியது அந்தச் சேனல்தான். இரண்டு மாதத்தில் ஃபுஜிமோரி ஜப்பானுக்குப் போய், அங்கிருந்து ஃபேக்ஸில் ராஜினாமா அனுப்பினார்.

சட்டத்தை ஆயுதமாக்குவது பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், அது தெரிந்த கதை. அவதூறு வழக்கில் தலைவர் ஜெயிக்கத் தேவையில்லை, வழக்கு நடந்தால் போதும். மால்டாவின் புலனாய்வு நிருபர் டாஃப்னே கருவானா கலீசியா 2017 அக்டோபரில் கார் குண்டில் கொல்லப்பட்டபோது அவர் மேல் 40-க்கும் மேற்பட்ட அவதூறு வழக்குகள் நிலுவையில் இருந்தன. இதற்கு மாற்றாக நீதிமன்றங்கள் கட்டிய சுவர்களும் உண்டு. அமெரிக்காவில் 1964-இன் சல்லிவன் வழக்கில், பொய் என்று தெரிந்தோ, பொய்யா மெய்யா என்று கவலைப்படாமலோ எழுதினால் ஒழிய பொது அதிகாரி நஷ்டஈடு வாங்க முடியாது என்று தீர்ப்பானது. இந்தியாவில் ‘நக்கீரன்’ வழக்கில் 1994-இல் உச்ச நீதிமன்றம் ஏறக்குறைய அதே பாதையில் போனது, கூடவே அச்சாகும் முன்பே தடுக்க அதிகாரிகளுக்கு உரிமையில்லை என்றும் சொன்னது. இப்படிப்பட்ட தீர்ப்பு எந்த நாட்டில் இல்லையோ அங்கே நிருபரைவிட வக்கீல்தான் முதலில் செய்தியைப் படிப்பார்.

தணிக்கை போட்டால் முதலில் கண் தெரியாமல் போவது தணிக்கை போட்டவருக்குத்தான் என்பதையும் சொல்ல வேண்டும். 1975 ஜூன் 25 இரவு இந்தியாவில் நெருக்கடி நிலை வந்தபோது டெல்லியின் பத்திரிகை அலுவலகங்களுக்கு மின்சாரத்தை வெட்டினார்கள். சில நாளில் ‘இந்தியன் எக்ஸ்பிரஸ்’ தலையங்கம் இருக்கவேண்டிய இடத்தை வெள்ளையாக விட்டு அச்சடித்தது. பெரும்பாலான பத்திரிகைகளைப் பற்றிப் பின்னால் எல்.கே. அத்வானி சொன்னதுதான் நிலைத்தது: குனியத்தான் சொன்னார்கள், நீங்கள் தவழ்ந்தீர்கள். அப்புறம் 1977 ஜனவரியில் இந்திரா காந்தியே தேர்தலை அறிவித்தார், மார்ச்சில் தன் தொகுதியிலேயே தோற்றார். ஒன்றரை வருடத்துக்கும் மேலாக அவர் படித்த நாளிதழ்களில் நாடு அமைதியாகவும் சந்தோஷமாகவும் இருந்தது. அவருடைய அதிகாரிகள் வெட்டிக் கொடுத்த நாளிதழ்கள் அவை.

தலைவர்கள் பக்க நியாயம் ஒன்று உண்டு, அதைப் பத்திரிகைக்காரர்கள் நாங்கள் எளிதில் ஒப்புக்கொள்வதில்லை. 1931-இல் பிரிட்டனின் ஸ்டான்லி பால்ட்வின், பத்திரிகைப் பிரபுக்கள் கேட்பது பொறுப்பில்லாத அதிகாரம் என்றார். தப்பே இல்லை, ஓட்டுக்கு நிற்காமல், கட்சித் தலைவர் யார் என்று முடிவு பண்ண ஆசைப்பட்ட முதலாளிகள் அவர்கள். பதவி விடும் நேரத்தில் 2007-இல் பிரதமர் டோனி பிளேர், பத்திரிகைகள் வெறிபிடித்த மிருகக் கூட்டம்போல மனிதர்களைக் கிழிக்கின்றன என்று பேசினார். பத்து வருடம் அந்தக் கூட்டத்துக்குத் தீனி போட்டதே அவருடைய ஊடகக் குழுதானே என்று கேலி செய்தோம். கேலி நியாயம், ஆனால் அவர் சொன்னதில் பாதி உண்மை. ஒரு கொள்கையை மூன்று வருடம் யோசித்து எழுதியவரிடம், அதைப் படிக்காமல் வந்து, ‘உங்கள் கட்சியில் இன்னார் உங்களை இப்படிச் சொன்னாரே, உங்கள் பதில் என்ன?’ என்று மைக்கை நீட்டினால் அவர் என்ன செய்வார்? நான் அப்படிப்பட்ட கேள்விகளைக் கேட்டிருக்கிறேன். ஆறு நிமிடத்தில் செய்தி போக வேண்டும் என்றபோது அதுதான் வாயில் வந்தது.

அப்புறம் இன்றைய மாற்றம். பண்டமாற்று என்றேன் அல்லவா, அதில் ஒரு தரப்புக்கு இப்போது மற்றவர் தேவையில்லை. தலைவரிடமே கோடிக்கணக்கான வாசகர்கள் இருக்கிறார்கள், கைபேசியில். இதுவும் முழுக்கப் புதுசு இல்லை. நிருபர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்த அதே ரூஸ்வெல்ட், 1933 மார்ச் 12-ஆம் தேதி வானொலியில் நேரடியாக ஜனங்களிடம் பேசத் தொடங்கினார், முதலாளிகளின் தலையங்கங்களைத் தாண்டிப்போக. ஆனால் அவர் இரண்டையும் செய்தார். வாரத்துக்கு இரண்டு முறை நிருபர்களைச் சந்திப்பதை விடவில்லை. இன்று நிருபர்களைச் சந்திப்பதைக் கைவிட்டு நேரடிப் பேச்சை மட்டும் வைத்துக்கொள்வது சாத்தியமாகிவிட்டது. நேரடியாகப் பேசுவது தப்பில்லை. அங்கே குறுக்குக் கேள்வி இல்லை, அவ்வளவுதான் பிரச்சினை.

உறவு ஆரோக்கியமாக இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? சிரிக்கிறார்களா, திட்டிக்கொள்கிறார்களா என்று பார்க்க வேண்டாம், அதில் ஒன்றும் தெரியாது. அறையைப் பாருங்கள். ஜெர்மனியில் 1949 முதல் ஒரு ஏற்பாடு உண்டு. கூட்டத்தை நடத்துவது நிருபர்களின் சங்கம். அரசுப் பேச்சாளர்கள் விருந்தாளிகள். திங்கள், புதன், வெள்ளி அவர்கள் அங்கே வருவார்கள். யார் கேட்கலாம் என்று கை காட்டுவதும், கூட்டத்தை முடிப்பதும் நிருபர்தான். அமெரிக்காவில் இதற்கு நேர்மாறான திசையில் ஒரு அடி வைத்தார்கள்: அதிபரோடு நெருங்கிப் போகும் சின்ன நிருபர் குழுவில் யார் இருப்பது என்பதை நெடுங்காலமாக நிருபர் சங்கமே தீர்மானித்து வந்தது, 2025 பிப்ரவரியில் வெள்ளை மாளிகை அந்த வேலையைத் தானே எடுத்துக்கொண்டது. ஆனால் அறை நிருபர்கள் கையில் இருந்தால் மட்டும் போதுமா என்றால், இல்லை. ஜப்பானின் கிளப்புகளை நடத்துவதும் நிருபர்களேதான்.

அதனால் நான் பார்ப்பது வேறொன்று. தலைவருக்கும் நிருபருக்கும் உள்ள உறவைவிட, நிருபருக்கும் பக்கத்தில் நிற்கும் நிருபருக்கும் என்ன உறவு என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பெருவில் விலை உயர்ந்ததும், தனாகா விழுந்ததும் இந்தக் கணக்கில்தான். 2020 பிப்ரவரி 3 அன்று லண்டனில் பிரதமர் அலுவலகத்துக்கு ஒரு விளக்கக் கூட்டத்துக்காகப் போன நிருபர்களை, முன்கூடத்தில் விரித்திருந்த கம்பளத்தின் இரண்டு பக்கமும் தனித்தனியாக நிற்கச் சொன்னார்கள். ஒரு பக்கத்தார் உள்ளே போகலாம், மறு பக்கத்தார் வீட்டுக்குப் போகலாம். உள்ளே போக அனுமதி கிடைத்தவர்களில் பெரிய பெரிய நிறுவனங்கள் இருந்தன, அரசை ஆதரிக்கும் நாளிதழ்களும் இருந்தன. எல்லாரும் சேர்ந்து வெளியே நடந்துவிட்டார்கள்.

அதற்கு இரண்டு வருடம் முன்பு, 2018 ஜனவரியில், நெதர்லாந்துக்கு அமெரிக்கத் தூதராக வந்த பீட் ஹோக்ஸ்ட்ரா என்ற முன்னாள் அரசியல்வாதியை ஹேக் நகரில் நிருபர்கள் சந்தித்தார்கள். அந்த நாட்டில் அரசியல்வாதிகளை எரிக்கிறார்கள் என்று அவர் 2015-இல் பேசியிருந்தார். ஒரு நிருபர் ஆதாரம் கேட்டார். தூதர் அடுத்த ஆளைக் கை காட்டினார். அடுத்தவர் தன் கேள்வியை விட்டுவிட்டு அதையே கேட்டார். மூன்றாவது ஆளும் அதையே. இது நெதர்லாந்து, இங்கே கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும் என்று ஒருவர் சொன்னார். தூதர் அன்றைக்குப் பதில் சொல்லவில்லை, அந்த வாரமே மன்னிப்புக் கேட்டார். அடுத்த முறை ஒரு செய்தியாளர் சந்திப்பை நேரலையில் பார்த்தால் தலைவரின் முகத்தை விட்டுவிட்டு இதைக் கவனியுங்கள்: பதில் கிடைக்காத கேள்வியை அடுத்த நிருபர் எடுக்கிறாரா, இல்லை தன் கேள்விக்குப் போய்விடுகிறாரா?

கேள்வியின் முதல் பாதியோடு ஒட்டிய, ஆனால் கேட்கப்படாத ஒரு துண்டு பாக்கி இருக்கிறது: எரிந்து விழுந்தவர்கள் மறுபடி நண்பர்களாக வருவார்களா என்பது. எனக்குத் தெரிந்த ஒரு அமைச்சர் ஒரு செய்திக்காகக் கோபித்துக்கொண்டு ஐந்து வருடம் எங்கள் போனை எடுக்கவில்லை. உதவியாளர் எடுப்பார், ‘மீட்டிங்கில் இருக்கிறார்’ என்பார், எப்போதும் மீட்டிங்தான். தேர்தல் முடிவு வந்த அன்று இரவு பதினொரு மணிக்கு, பக்கம் முடிக்கிற அவசரத்தில் இருந்தபோது, மேசைத் தொலைபேசி அடித்தது. அவரேதான், உதவியாளர் இல்லை. "என்ன தம்பி, எப்படி இருக்கீங்க, ஆளையே காணோமே" என்றார். அப்புறம் குரலைக் கொஞ்சம் தாழ்த்தி, புது அரசாங்கத்தின் ஒரு டெண்டர் பற்றித் தன்னிடம் சில காகிதங்கள் இருப்பதாகச் சொன்னார்.